மாமாவின் படத்தில் நான் திருத்திய இடம்

விரலைத் திரையில் படாமல் ஓரங்குலம் தள்ளி நிறுத்திக்கொண்டு, "மாப்ள, இந்த எடத்துல மட்டும் கோடு ரொம்ப வழவழன்னு இருக்கே?" என்று என் மாமனார் கேட்டார். ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய சொந்த இரத்தம். அதாவது, அவருடைய இதயத்துக்குப் போகும் குழாய்களில் இரத்தம் எப்படி ஓடும் என்று நான் எழுதிய புரோகிராம் கணக்கிட்டு, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் தீட்டிக் காட்டிய படம். ஹிந்தியும் இங்கிலீஷும் அவர் சரளமாகப் பேசுவார். மற்றவர்களுக்குப் புரிந்துவிடக் கூடாது, எனக்கு மட்டும் எட்டினால் போதும் என்றுதான் தமிழில், அதுவும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அந்த நாகரிகம் அன்று என் கண்ணில் படவில்லை. "மாமா, இது மேப் இல்லை, நீங்க போய் உட்காருங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி, இங்கிலீஷில். சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போய் முதல் வரிசையில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேப் என்று நான் சொன்னது சும்மா வாயில் வந்த சொல் இல்லை. மத்திய அரசின் நீர்வள அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் டிராப்ட்ஸ்மேனாக இருந்தவர் அவர். ஆறுகளை வரைவதுதான் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் டெல்லிக்கு வந்தவர், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்து, ரிடையராகி, மாமியார் இறந்த பிறகு ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஜனவரிப் பனியிலும் காலை ஆறு மணிக்குச் சவரம் செய்துவிடுவார். ஸ்வெட்டருக்கு மேல் விபூதி உதிராதபடி ஒரு கையால் கழுத்தை மூடிக்கொண்டு பூசுவார். பேசுவது குறைவு. என்னை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. நான் டெல்லியிலேயே பிறந்து மோதி பாக் பள்ளியில் தமிழ் படித்தவன். என் தமிழில் பாதி ஹிந்தி. அவருடைய நெல்லைத் தமிழைக் கேட்டு நான் சிரித்ததுண்டு. என் தமிழைக் கேட்டு அவர் சிரித்ததில்லை.

என் வேலையை என் வீட்டில் முழுசாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் ஓரிடம் சுருங்கியிருக்கிறது என்பது ஸ்கேன் படத்தில் தெரியும். ஆனால் அந்தச் சுருக்கத்தால் இரத்தம் நிஜமாகவே குறைகிறதா என்பது படத்தைப் பார்த்தால் மட்டும் தெரியாது. அதற்கு மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயம் வரை செலுத்தி, சுருக்கத்துக்கு முன்னாலும் பின்னாலும் அழுத்தத்தை அளக்க வேண்டும். கம்பியைச் செலுத்தாமல் கம்ப்யூட்டரிலேயே கணக்கிட்டுவிடலாம் என்பது எங்கள் துறை. குழாயை லட்சக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து முழுக் கணக்கும் போட்டால் எங்கள் இயந்திரத்தில் ஒரு நாள் பிடிக்கும். நான் எழுதியது குறுக்குவழி. இரண்டு நிமிஷத்தில் விடை வந்துவிடும். சாப்பாட்டு மேஜையில் நான் இதை விளக்கத் தொடங்கியபோது, மாமா பாதியிலேயே புரிந்துகொண்டு தலையாட்டினார். "முழு ஆத்தையும் அளக்காம, அங்கங்க குறுக்குவெட்டு எடுத்து வெள்ளம் எம்புட்டுப் போகும்னு பாக்குத மாதிரி. அப்படித்தான?" அப்படியேதான். என் மாணவர்களுக்கு அதை நான் அவ்வளவு சுருக்கமாக ஒருபோதும் சொன்னதில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால், மலை மந்திர் முருகன் கோயில் படி ஏறும்போது நெஞ்சை ஏதோ பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். நாங்கள் சேர்ந்து வேலை செய்துவந்த ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுத் தலைவியிடம் அழைத்துப்போனேன். பஞ்சாபி அம்மாள், மிகவும் கண்டிப்பானவர், நாங்கள் எல்லோரும் மேடம் என்றே அழைப்போம். ஸ்கேன் எடுத்தார்கள். படம் தெளிவாக வர வேண்டுமென்றால் நாடி மெதுவாக அடிக்க வேண்டும், சில விநாடிகள் மூச்சை அடக்க வேண்டும். மாமாவுக்கு அன்று இருமல். மாத்திரை கொடுத்தும் நாடி இறங்கவில்லை. மற்ற இடமெல்லாம் நன்றாக வந்து, இடது பக்கக் குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே மட்டும், அசைந்துவிட்டவரின் போட்டோ மாதிரி படம் கலங்கியிருந்தது.

"அடுத்த வாரம் மறுபடி எடுக்கலாம், இல்லையென்றால் நேராக ஆஞ்சியோகிராம் செய்துவிடலாம்" என்றார் மேடம். அடுத்த வாரம் வரை பொறுக்க எனக்கு மனமில்லை. வியாழக்கிழமை ஒரு நிறுவனத்தார் வருகிறார்கள். எங்கள் புரோகிராமை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோவதைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள். நோயாளியே வந்து எதிரில் உட்கார்ந்திருக்க, அவர் கண்ணெதிரே இரண்டு நிமிஷத்தில் விடை சொன்னால் எப்படி இருக்கும் என்று என் மனம் கணக்குப் போட்டது. மாமாவிடம் கேட்டேன். அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். கோயிலில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார் என்று மனைவி பிறகு சொன்னாள்.

புதன்கிழமை மத்தியானம் ஒத்திகை பார்த்தபோது, கலங்கிய இடத்தில் புரோகிராம் நின்றுவிட்டது. குழாயின் சுவர் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. நான் மௌஸைப் பிடித்து, மேலேயும் கீழேயும் நன்றாகத் தெரிந்த சுவர்களை இணைத்து, நடுவில் ஒரு கோட்டை இழுத்தேன். நான்கைந்து கிளிக். ஒரு நிமிஷ வேலை. அந்த மங்கலுக்குள் நிஜமாக என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். குழாய் அகலமாகத் தெரியும்படி கோடு இழுத்ததும் புரோகிராம் தடங்கலின்றி ஓடி, நூற்றுக்கு எண்பத்துநான்கு என்று விடை சொன்னது. சுருக்கத்துக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்தில் அவ்வளவு பங்கு பின்னாலும் இருக்கிறது என்று பொருள். எண்பதுக்குக் கீழே போனால்தான் கவலை. கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கெட்ட எண்ணம் தேவைப்படவே இல்லை, அவசரம் போதுமாக இருந்தது.

கூட்ட அறையில் எண்பத்துநான்கு என்ற எண் பெரிதாகத் திரையில் வந்தபோது கைதட்டினார்கள். மாமாவும் தட்டினார். ஏதோ பள்ளிக்கூட விழாவில் பரிசு வாங்கும் பிள்ளை நானும், பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன் அவரும் என்பதுபோல முகமெல்லாம் பூரிப்பு. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் மேடம் என்னைத் தனியாக நிறுத்தி, இதை மட்டும் நம்பி நான் எதுவும் செய்ய மாட்டேன், முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். சரி என்றேன். அடுத்த பத்து நாட்களும் நிறுவனத்தாரோடு பேச்சிலேயே போயின. பதினோராவது நாள் மேடம் போன் செய்தார்.

"பூரா வாலா தேக் லியா ஆப்னே?" முழுசாகப் பார்த்துவிட்டீர்களா என்று கேட்கிறார்.

"ஹாஞ்ஜி மேடம், தேக் லியா. டீக் ஹை."

பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஒரு பொய்க்கு அவ்வளவு சின்ன வாக்கியம் போதுமாக இருந்தது. அந்த வார்த்தையை வைத்துத்தான் அவர் ஆஞ்சியோகிராம் வேண்டாம், மாத்திரை சாப்பிடட்டும், வலி வந்தால் உடனே அழைத்துவாருங்கள் என்றார். நான் வீட்டுக்குப் போய், "மாமா, ஒண்ணும் இல்லை. ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். அவர் கைகூப்பினார். எனக்கா, சாமிக்கா என்று தெரியவில்லை.

வலி வந்தால் சொல்லுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தோம். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. வழக்கம்போலச் செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்குப் போனார், வந்தார். பிப்ரவரியில் ஒரு காலை, செக்டர் மார்க்கெட்டில் தயிர் வாங்கப் போனவர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே எங்களுக்குப் போன் செய்தார். நல்லவேளையாக ஆஸ்பத்திரி பக்கம். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் தங்கியது, ஆனால் இதயத்தில் ஒரு பங்கு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அடைப்பு எந்த இடம் என்று நான் மேடத்தைக் கேட்கவில்லை. அவர் படத்தைத் திருப்பிக் காட்டினார். இடது குழாய் பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே.

இரண்டு நாள் கழித்து, மாமா பேரில் அர்ச்சனை செய்ய மனைவியோடு மலை மந்திர் போனேன். படிக்கட்டின் கீழே பூ விற்கும் அம்மாள் எங்களை அடையாளம் கண்டுகொண்டு விசாரித்தாள். காலையில் வீட்டு வேலைக்குப் போய்விட்டு மாலையில் அங்கே கடை போடுபவள். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்தாள்.

"நான் நெனச்சேன் சார். ரெண்டு மூணு மாசமாவே பெரியவரு மேல ஏறுறதில்ல. இங்கேயே ஓரமா நின்னு கும்புட்டுட்டு, நெஞ்சைத் தடவிக்கிட்டே கொஞ்ச நேரம் ஒக்காந்திருப்பாரு. வூட்ல சொன்னீங்களா ஐயான்னு கேட்டேன். எங்க மாப்பிள்ளை பாத்துட்டாரும்மா, ஒண்ணும் இல்லையாம்னு சொன்னாரு."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு ஒன்றும் புரியாமல்தான் பார்த்தாள்.

மறுநாள் ஐ.சி.யு.வில் அவரிடமே கேட்டேன். ஆக்ஸிஜன் குழாய்க்கு நடுவில் அவர் பேசியதை நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "ஏன் மாமா சொல்லலை? வலி வந்தா சொல்லுங்கன்னு சொன்னேனே?"

"லேசா வலிச்சுது. ஆனா நீங்க சரியா இருக்குன்னு சொன்னீங்கள்லா. அத்தன பேரு முன்னால வேற காட்டியாச்சு. நான் போயி வலிக்கின்னா, உங்க கணக்கு தப்புன்னுல்லா ஆயிரும் மாப்ள?"

அன்றே சொல்லியிருக்கலாம். அதைவிடப் பொருத்தமான நேரம் எனக்கு வாய்க்கப் போவதில்லை. அவர் கேட்டதற்குப் பதிலாகவே வந்துவிட்டிருக்கும்: ஆமாம் மாமா, தப்புதான், அந்த இடத்தை நான்தான் இழுத்துவிட்டேன், நீங்கள் கண்டுபிடித்தீர்கள். நான் சொன்னது வேறு. "இது புது அடைப்பு மாமா. சில சமயம் திடீர்னு வந்துடும். அப்போ எடுத்த படத்தில் இருக்கலை." அப்படி நடப்பதும் உண்டு என்பதால் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் முகம் தெளிந்தது. "அப்பம் கணக்கு தப்பில்ல" என்றார். என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்.

அதன் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். குளியலறைக்கும் பால்கனிக்கும் நடுவில்தான் நடமாட்டம். பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும், பழைய ஆபீஸ் நண்பர்களிடமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும், "மாப்ள பாத்தப்ப இல்ல, இது புதுசா வந்தது" என்று தவறாமல் சொல்லிவிடுவார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவார். நான் உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் படிக்காமல், அந்த வாக்கியம் எப்போது வரும் என்று காத்திருப்பேன். அது வந்து போன பிறகுதான் மூச்சு விடுவேன்.

ஒரு நாள் லேபில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவருடைய பழைய ஸ்கேனை எடுத்தேன். கலங்கிய இடத்தில் என் கோட்டை அழித்தேன். மங்கலுக்குள் தெரிந்த கொஞ்சத்தை மட்டும் வைத்து, சுவர் இருக்கக்கூடிய எல்லா இடங்களையும் மாற்றி மாற்றிப் பொருத்தி முழுக் கணக்கை ஓடவிட்டேன். மூன்று நாள் ஓடியது. எந்த வகையில் பார்த்தாலும் விடை எண்பதைத் தொடவில்லை. எழுபதைச் சுற்றியே வந்தது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் பதினோராவது நாள் மேடத்திடம் சொல்ல உண்மையான பதில் ஒன்று என் கையில் இருந்திருக்கும்.

அச்செடுத்த தாள்களோடு மேடத்திடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஆப்னே தோ கஹா தா, தேக் லியா" என்றார். பார்த்துவிட்டேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அவ்வளவுதான். திட்டவில்லை. நடந்ததை முழுவதும் எழுதி ஆஸ்பத்திரியின் விசாரணைக் கமிட்டியிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். புரோகிராம் எழுதிய குழுவுக்குத் தலைவராக இருந்த என் பதவி போயிற்று. நிறுவனத்தோடு செய்த ஏற்பாடு நின்றுபோயிற்று. பல மாதம் கழித்து வேறொருவர் தலைமையில் புரோகிராமைத் திருத்தினார்கள். இப்போது படம் கலங்கியிருந்தால் அது எண் எதையும் சொல்வதில்லை. சொல்ல முடியவில்லை, வேறு பரிசோதனை செய்யவும் என்று ஒரு வரி மட்டும் காட்டுகிறது. அந்த வரியை நான் எழுதவில்லை. எனக்குப் பிறகு வந்த பெண் எழுதினாள். பதவி போனதைப் பற்றி வீட்டில் கேட்டபோது, வேலைப் பளு அதிகம், நானே விட்டுவிட்டேன் என்று சொன்னேன். கமிட்டி முன்னால் உண்மை பேசியவன் சாப்பாட்டு மேஜையில் மறுபடி பொய் சொன்னேன்.

மாமாவிடம் சொல்லிவிடுவது என்று ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை தீர்மானித்தேன். பால்கனி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் பேப்பரை விரித்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உரித்ததைத் தான் சாப்பிடாமல் ஒரு கிண்ணத்தில் என் மனைவிக்குச் சேர்த்துவைப்பது வழக்கம். நான் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மாமா, அன்னிக்கு அந்தக் கணக்கு..."

"நல்லவேள, நீங்களே பேச்ச எடுத்தீங்க" என்றார். "மேல் வீட்டு சர்மாஜிக்கு நெஞ்சுல என்னமோ செய்யிதாம். உங்க நம்பரக் கேட்டாரு. குடுத்திருக்கேன். எங்க மாப்ள பாத்துச் சொன்னா சரியா இருக்கும், பயப்படாதீங்கன்னு சொல்லியிருக்கேன். சரிதான?"

"அச்சா மாமா" என்றேன். கிண்ணத்திலிருந்து இரண்டு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். சர்மாஜியை மேடத்திடம் அனுப்பிவைத்தேன். மாமாவிடம் அந்தப் பேச்சை நான் மறுபடி எடுக்கவே இல்லை. அடுத்த மார்ச்சில், ஒரு மத்தியானத் தூக்கத்தில் அவர் போய்விட்டார்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ரயிலேறிய பிறகு மனைவியிடம் சொன்னேன். அவள் கட்டிலில் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மௌஸை இழுத்ததிலிருந்து கமிட்டி வரை எதையும் விடாமல் சொன்னேன். அவள் கத்துவாள், என் முகத்தில் எதையாவது எறிவாள் என்று எதிர்பார்த்தேன்; அதற்கு ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் மடித்த சட்டைகளைக் கட்டிலில் அடுக்கிவிட்டுக் கேட்டாள்: "அப்பா அன்னிக்கே அந்த இடத்தைக் காட்டினாரா? கூட்டத்திலேயா?"

"ஆமா."

"வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னாரு. என் கண்ணு போயிருச்சும்மா, வயசாயிருச்சு, மாப்ள முன்னால அசட்டுக் கேள்வி கேட்டுட்டேன்னு." மேலே இருந்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவர் பொழைச்சப்புறமாவது சொல்லியிருக்கலாமே. திட்டியிருக்க மாட்டாரு. சந்தோஷப்பட்டிருப்பாரு. சாகிற வரைக்கும் தன் கண்ணு தப்புன்னே நினைச்சுட்டுப் போயிட்டாரே."

அவர் உடம்புக்கு நான் செய்ததை மட்டுமே அதுவரை எண்ணி எண்ணிக் குன்றிக்கொண்டிருந்தேன். இதை நான் எண்ணியே பார்த்திருக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் கோடு பார்த்தே பிழைத்த மனிதர், தன் கண்ணைப் பற்றிக் கடைசியாக நம்பியது நான் கொடுத்த பொய். என் மானத்தைக் காப்பாற்ற அவர் தன் வலியை மறைத்தார். அவருடையதைக் காப்பாற்ற எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டேன்.

நாங்கள் பிரிந்துவிடவில்லை. சேர்ந்துதான் சாப்பிடுகிறோம், கல்யாணங்களுக்குப் போகிறோம், மின்சார பில்லுக்குச் சண்டை போடுகிறோம். போன மாதம் அவளுக்குப் படியேறும்போது மூச்சு வாங்கியது. அப்பாவுக்கு இருந்ததால் அவளுக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் மேடம். கூட வரட்டுமா என்று கேட்டேன். "வாங்க" என்றாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து வந்த டெக்னீஷியன் என்னைத் தெரிந்தவர். "சார், ஆகர் தேக் லீஜியே" என்று, வந்து பார்க்கச் சொல்லிக் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தார். வேண்டாம் என்று கையசைத்தேன். அவர் வியப்போடு கதவை மூடினார்.

அரை மணி கழித்து அவள் மேடத்தின் அறையிலிருந்து ஒரு பெரிய உறையோடு வந்தாள். மெட்ரோவில் இடம் கிடைத்தது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். உறை அவள் மடியில், என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எத்தனையோ ஆயிரம் இதயங்களின் படத்தை யாருடையதென்று தெரியாமலே பார்த்துத் தள்ளியவன், அந்த உறையைக் கேட்க வாய் வராமல் எதிர்ச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஸ்டேஷன் கடந்தபின் அவள் உறையை நீளவாக்கில் மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"பயப்பட ஒண்ணும் இல்லையாம். மேடம் பார்த்துட்டாங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்க்காமல், கடுமை இல்லாத குரலில் சொன்னாள்: "அது போதும்."